மூட்டையும் முத்திரைச் சுருளும்: இரட்சணிய யாத்திரிகம் – ஒரு சமண வாசிப்பு

தமிழில் காப்பியம் என்று பேச்சு எடுத்தாலே நம் மேடைகளில் சிலம்பும் மேகலையும் சிந்தாமணியும் வந்து நிற்கும். கம்பர் வந்துவிட்டால் வேறு யாருக்கும் நாற்காலி கிடையாது. ஹென்றி ஆல்பிரட் கிருஷ்ணப் பிள்ளை இயற்றிய இரட்சணிய யாத்திரிகம் என்று ஒன்று இருப்பதைப் பள்ளிக்கூடப் பாடத்தோடு மறந்துவிடுகிறோம். கிறிஸ்தவ அன்பர்கள் அது தங்கள் சொத்து என்று வைத்துக்கொள்கிறார்கள். மற்றவர்களும் அது அவர்கள் சொத்துதானே என்று விட்டுவிடுகிறார்கள். இரண்டும் நூலுக்குச் செய்யும் அநியாயம். சிந்தாமணியைச் சைவராகிய உ.வே.சாமிநாதையர் எங்கள் சமணப் பெரியவர்களிடம் கேட்டுத் தெளிந்து 1887இல் பதிப்பித்தார். அந்தக் கடனை நினைத்தாவது ஒரு சமணன் இன்னொரு சமயத்துக் காப்பியத்தைப் பொறுமையாகப் படித்து நாலு வார்த்தை சொல்லலாம் என்றே இக்கட்டுரை எழுதத் துணிந்தேன்.

நான் இந்நூலை ஒரே ஒரு கேள்வியை வைத்துக்கொண்டு படித்தேன். தவறிப் போன மனிதன், தான் தவறியவன் என்று தனக்கே நன்றாகத் தெரிந்த மனிதன், "எனக்கும் ஒரு மதிப்பு உண்டு" என்று எதை வைத்துச் சொல்ல முடியும்? எங்கள் சமயம் இதற்கு ஒரு பதில் சொல்கிறது. கிருஷ்ணப் பிள்ளையின் காப்பியமும் அதன் மூலமான ஆங்கில நூலும் வேறு பதில் சொல்கின்றன.

நூலும் மூலமும்

கிருஷ்ணப் பிள்ளை 1827இல் பாளையங்கோட்டைக்கு அருகே கரையிருப்பில் வைணவ வேளாளர் குடியில் பிறந்தவர். இளமையிலேயே கம்பராமாயணத்தில் ஊறியவர். சாயர்புரத்துக் கிறிஸ்தவப் பள்ளிக்குத் தமிழாசிரியராகப் போனார். பாடம் சொல்லப் போன இடத்தில் மனம் மாறி, 1858இல் சென்னையில் ஞானஸ்நானம் பெற்றார். ஹென்றி ஆல்பிரட் என்ற புதுப் பெயர் முன்னால் வந்து உட்கார்ந்தது. கிருஷ்ணன் பெயர் பின்னால் அப்படியே இருந்தது. இதை ஒரு சின்ன விஷயமாக நான் நினைக்கவில்லை. அவருடைய பாட்டிலும் இதேதான் நடந்தது. பொருள் புதிது, சந்தமும் சொல்லும் கம்பரிடம் வாங்கியவை. "கிறிஸ்தவக் கம்பர்" என்ற பட்டம் சும்மா வரவில்லை.

காப்பியம் நற்போதகம் என்ற மாத இதழில் 13 ஆண்டுகள் தொடராக வந்து, 1894இல் நூலாயிற்று. ஆதி பருவம் முதல் இரட்சணிய பருவம் வரை ஐந்து பருவங்கள், 3766 பாடல்கள். நூல் வெளிவந்து ஆறு ஆண்டுகளில், 1900இல் கவிஞர் மறைந்தார்.

மூலநூலின் ஆசிரியர் ஜான் பன்யன். இங்கிலாந்தில் பெட்போர்டு பக்கத்தில் எல்ஸ்டோ என்ற கிராமத்தில் 1628இல் பிறந்தார். குலத்தொழில் ஓட்டைப் பாத்திரம் அடைப்பது. நானும் பாத்திரக் கடைக்காரன்தான். ஆகவே இந்த மனிதர் மேல் எனக்கு ஒரு தனி வாஞ்சை என்பதை மறைப்பானேன்? அரசாங்கச் சபையின் அனுமதி இல்லாமல் பிரசங்கம் செய்தார் என்று 1660 முதல் 1672 வரை சிறையில் கிடந்தார். உள்ளே இருந்தபடி நாடா செய்து விற்று, கண் தெரியாத ஒரு மகள் உட்படக் குடும்பத்துக்கு வழி பண்ணினார். 'மோட்சப் பிரயாணம்' என்று தமிழில் வழங்கும் நூலின் முதல் பாகம் 1678இல் வந்தது. அதற்கு முன்பே, 1666இல், தன் சொந்தக் கதையை எழுதி வெளியிட்டிருந்தார். பாவிகளில் தலையான பாவிக்குக் கிடைத்த பெருங்கிருபை என்ற கருத்தில் அதற்குத் தலைப்பு.

அந்தச் சுயசரிதையைப் படிக்காமல் இரட்சணிய யாத்திரிகத்தை எடை போட முடியாது என்பது என் கட்சி. தன்னைப் பாவி என்று சொல்லிக்கொள்கிற பன்யன் என்ன பாவம் என்றும் சொல்கிறார். வாய் திறந்தால் சாபமும் சத்தியமும்; ஓய்வுநாளில் விளையாட்டு; கோயில் மணி அடிப்பதில் தீராத ஆசை. மணி அடிப்பது வீண் கேளிக்கை என்று மனசாட்சி உறுத்த, கயிற்றை விட்டுவிட்டு வேடிக்கை மட்டும் பார்க்கிறார். மணி தலையில் விழுந்தால் என்ன செய்வது என்று உத்திரத்தின் கீழே ஒதுங்குகிறார். அப்புறம் வாசல் நிலைக்கு வருகிறார். கடைசியில் கோபுரமே சாய்ந்துவிட்டால் என்று ஓடியே போகிறார். சிரிப்பு வருகிற இடம், ஆனால் அந்தப் பயம் நிஜம். பிறகு வெளியொழுக்கம் திருந்துகிறது, ஊரார் "அடடா, எப்படி மாறிவிட்டான்!" என்று மெச்சுகிறார்கள், அந்தப் புகழ்ச்சி அவருக்கு இனிக்கிறது. அந்த நாட்களில் தான் வெறும் பூச்சு வேலை என்று அவரே பின்னால் எழுதுகிறார். பெட்போர்டில் ஒரு தெருவில் மூன்று நாலு ஏழைப் பெண்கள் வாசலில் வெயிலில் உட்கார்ந்து, தங்கள் நெஞ்சில் கடவுள் செய்த வேலையைப் பற்றி மகிழ்ச்சியாகப் பேசிக்கொண்டிருக்கிறார்கள். சமயம் பேசுவதில் தன்னைக் கெட்டிக்காரன் என்று நினைத்திருந்த பன்யனுக்கு அவர்கள் பேச்சு பிடிபடவே இல்லை. அவர் கதை திரும்புகிற முக்கியமான இடம் இது.

இப்போது நம்மவருக்கு வருவோம். நம் பக்தி இலக்கியத்தில் "நாயேன்", "கடையேன்" என்று தன்னைத் தாழ்த்திச் சொல்வது பெரிய மரபு. கிருஷ்ணப் பிள்ளை அந்த மரபைத் தெரிந்து எடுத்தாள்கிறார். காப்பியத்தின் நடுவே நடுவே தேவாரம் போலப் பதிகங்களை வைத்திருக்கிறார். ஓசையும் உருக்கமும் குறைவில்லை. ஆனால் "ஐயா, தாங்கள் செய்த தவறுதான் என்ன?" என்று கேட்டால் அந்தப் பதிகங்களில் பெரும்பாலும் பதில் இல்லை. நூற்றாண்டுகளாகப் புழங்கித் தேய்ந்த சொற்கள் அவை. எல்லாரும் கடையேன் என்றால் யாருமே கடையர் இல்லை. பன்யனின் மணிக்கயிறு போல ஒன்று அவர் பாட்டில் இருந்திருந்தால்! இது அவர் குறை என்பதை விட மரபின் குறை என்பேன்.

தன்னேரில்லாத தலைவன் எங்கே?

காப்பிய இலக்கணம் கற்றவர்களுக்கு உடனே ஒரு சங்கடம் வரும். பெருங்காப்பியம் என்றால் தன்னேரில்லாத தலைவன் வேண்டும். சீவகனுக்கு என்ன குறை? அழகு, வீரம், கலை, எட்டு மனைவியர், கடைசியில் துறவு. இராமனைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். இங்கே தலைவன் யார்? கந்தல் உடுத்தி, முதுகில் பெரிய மூட்டையைச் சுமந்து, "நான் என்ன செய்வேன்" என்று அழுதுகொண்டு ஊரை விட்டு ஓடுகிற ஒருவன். பெண்டாட்டி பிள்ளைகளே அவனுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்கிறார்கள். இப்படிப்பட்டவனைப் பெருங்காப்பியத் தலைவனாக உட்கார வைத்தால் தண்டியாசிரியர் ஒத்துக்கொள்வாரா?

கிருஷ்ணப் பிள்ளை இந்தச் சிக்கலை அவிழ்த்த விதத்தில்தான் அவருடைய மேதைமையைப் பார்க்கிறேன். பன்யன் கதையில் இயேசுவின் பாடுகள் தனி வரலாறாக விரித்துச் சொல்லப்படவில்லை. சிலுவை ஒரு மேட்டில் நிற்கிறது, அவ்வளவுதான். கிருஷ்ணப் பிள்ளையோ இரட்சணிய சரிதப் படலம் என்று ஒன்றைக் குமார பருவத்தில் வைத்து, இயேசு பிடிபட்டதையும் பிலாத்து முன் நின்றதையும் பழித்துரைக்கப்பட்டதையும் கம்பர் நடையில் விரிவாகப் பாடுகிறார். மொழிபெயர்ப்பு என்று பார்த்தால் இது மீறல். காப்பியம் என்று பார்த்தால் இதுதான் அச்சாணி. தன்னேரில்லாத தலைவன் வந்துவிட்டான். ஆனால் பயணம் போகிறவன் அவன் அல்லன். நடக்கிறவன் தவறுகள் நிறைந்த சாதாரண ஆள். அவனுடைய பெருமை முழுக்க இன்னொருவருடைய பெருமையிலிருந்து வருகிறது. கிறிஸ்தவக் கொள்கையின் சாரமே இதுதான் என்று அச்சமயத்தார் சொல்கிறார்கள். அதைப் பிரசங்கமாகச் சொல்லாமல் காப்பிய அமைப்பாகவே செய்து காட்டினார் கிருஷ்ணப் பிள்ளை. இலக்கணப் புலவர் ஒருவர் இலக்கணத்தை வைத்தே கொள்கையைச் சொன்ன இடம் தமிழில் அதிகம் இல்லை.

சுருள் தொலைந்த கதை

பன்யன் கதையில் சிலுவை முன்னால் வந்ததும் மூட்டை தானாகக் கழன்று உருண்டு போகிறது. பயணி அதை அவிழ்க்கவில்லை, எறியவில்லை. ஒளி பொருந்திய மூவர் வந்து, ஒருவர் மன்னிப்பைச் சொல்கிறார்; ஒருவர் கந்தலைக் களைந்து புது உடை உடுத்துகிறார்; மூன்றாமவர் நெற்றியில் அடையாளம் இட்டு, முத்திரை போட்ட ஒரு சுருளைக் கையில் கொடுக்கிறார். வழியில் படித்துத் தேறிக்கொள்ளவும், போய்ச் சேருகிற வாசலில் காட்டவும் அந்தச் சுருள். ஊரை விட்டு வந்து ரேஷன் கார்டுக்கும் இருப்பிடச் சான்றுக்கும் அலைந்த நம்மவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். உடை, நெற்றிக்குறி, கடுதாசி மூன்றும் கிடைத்தாயிற்று. ஆள் இனி அநாமதேயம் இல்லை.

இதோடு கதையை முடித்திருந்தால் அது துண்டுப் பிரசுரம். பன்யன் முடிக்கவில்லை. கொஞ்ச தூரத்திலேயே, கடினமான மலை ஏறும் பாதியில், நிழல் கண்ட இடத்தில் பயணி தூங்கிப் போகிறான். சுருள் கையிலிருந்து நழுவுகிறது. தெரியாமல் மேலே போய், சிங்கங்கள் இருக்கின்றன என்று கேள்விப்பட்டுத் தேறுதலுக்குச் சுருளைத் தேடினால் மடியில் காணோம். ஒரு தடவை நடக்க வேண்டிய வழியை மூன்று தடவை நடக்கிறான், அழுதுகொண்டு. அப்புறமும் எத்தனை தவறு! நல்ல பாதை கரடாக இருக்கிறது என்று வேலி தாண்டிப் புல்வெளியில் இறங்கி, அவநம்பிக்கை என்ற அரக்கனின் கோட்டையில் அடைபட்டு அடி வாங்குகிறான். அந்தச் சிறையைத் திறக்கும் சாவி அத்தனை நாளும் அவன் சட்டைக்குள்ளேயே இருந்தது.

ஆனால் என்னைப் பிடித்து நிறுத்திய இடம் தாழ்மைப் பள்ளத்தாக்கில் அப்பொல்லியோன் என்ற அரக்கன் வழி மறிக்கும் இடம். "நீ என் நாட்டுப் பிரஜை, என் கூலி தின்றவன், திரும்பி வா" என்கிறான். வரமாட்டேன் என்றதும் குற்றப் பட்டியலை எடுக்கிறான். சேற்றில் விழுந்து கலங்கினாய். மூட்டையை இறக்கக் குறுக்கு வழி பார்த்தாய். தூங்கிச் சுருளைத் தொலைத்தாய். சிங்கத்தைக் கண்டு திரும்பப் பார்த்தாய். உன் அனுபவத்தைப் பேசும்போதெல்லாம் உள்ளுக்குள் பெருமை தேடினாய். இத்தனையும் உண்மை! அரக்கன் பொய்யே சொல்லவில்லை. பயணி மறுக்கவும் இல்லை. நீ சொன்னது சரி, சொல்லாமல் விட்டது இன்னும் நிறைய என்ற பொருளில் ஒப்புக்கொண்டு, தன் அரசன் மன்னிக்கிறவர் என்கிறான். பிறகுதான் வாள் சண்டை. உண்மையான குற்றப்பத்திரிகையைப் பொய் என்று சொல்லாமலும், அதற்கு அடங்கிப் போகாமலும் நிற்கிற ஒரு மனிதனை இவ்வளவு தெளிவாக எழுதிய இடம் வேறு நான் படித்ததில்லை.

தாராவியில் திருநெல்வேலிப் பக்கத்துச் சபைக்காரர் ஒருவர் எனக்குப் பல வருஷ வாடிக்கை. குடியை விட்டவர், மறுபடி பிடித்து மறுபடி விட்டவர். மோட்சப் பிரயாணத்தை நான் படிக்கிறேன் என்று தெரிந்ததும் இந்த இடத்தைப் பற்றித்தான் கேட்டார். "அவன் சொல்லுத கணக்கெல்லாம் சரிதான் அண்ணாச்சி. ஆனா கணக்குக் கேக்க அவன் யாரு? நான் இப்ப அவன்கிட்டயா வேலை பாக்கேன்?" என்றார். கூலி என்ற சொல்லை அந்தக் காட்சியில் பன்யன் ஏன் வைத்தார் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. உரைநூல் எதுவும் தேவைப்படவில்லை.

தணலும் புது உடையும்

எங்கள் பேரேட்டில் இந்தக் கணக்கு இப்படி எழுதப்படுவதில்லை. ஒருவன் வினையை இன்னொருவன் தீர்க்க முடியாது என்பது அருகன் அறத்தின் அடிப்படை. யசோதர காவியத்தில் அரசன் உயிர்ப்பலி கூடாது என்று தாய் சொற்படி மாவால் செய்த கோழியைத்தான் வெட்டுகிறான். மாவுக் கோழிதானே என்று வினை விடவில்லை. எண்ணம் வெட்டும் எண்ணம்தானே? தாயும் மகனும் விலங்குப் பிறவிகளில் மாறி மாறி உழல்கிறார்கள். இவ்வளவு கறாரான கணக்கில் தவறியவனுக்கு என்ன இடம் என்று கிறிஸ்தவ நண்பர்கள் கேட்பது நியாயமே.

இடம் உண்டு. சமந்தபத்திரர் இரத்தினகரண்டகத்தில் நற்காட்சி உடையவனைப் பற்றிச் சொல்லும்போது, அவன் எவ்வளவு தாழ்ந்தவனாகக் கருதப்பட்ட குடியில் பிறந்திருந்தாலும் சாம்பல் மூடிய தணல் போன்றவன் என்ற கருத்தைச் சொல்கிறார். மதிப்பு வெளியிலிருந்து வரவேண்டியதில்லை, உள்ளேயே இருக்கிறது, மூடியிருப்பது விலக வேண்டும். நற்காட்சியின் எட்டு உறுப்புகளில் ஒன்று, வழுவியவரை மறுபடி நிலைநிறுத்துவது. அதற்குக் கதை வாரிஷேணருடையது. துறவியாகிவிட்ட நண்பன் விட்டுவந்த மனைவியையே நினைத்து உருகுகிறான். வாரிஷேணர் அவனைத் திட்டவில்லை. தன் அரண்மனைக்கு அழைத்துப்போய், தான் துறந்து வந்த அழகிய மனைவியரைக் காட்டுகிறார். நண்பன் வெட்கித் தேறுகிறான். ஐயமின்மை என்ற முதல் உறுப்புக்கு எடுத்துக்காட்டே ஒரு திருடன், அஞ்சனன். மந்திரம் வாங்கியவன் கீழே நட்ட ஆயுதங்களைப் பார்த்து ஏறி இறங்கித் தயங்கிக்கொண்டிருக்க, காவலருக்குத் தப்பி வந்த இந்தத் திருடன் ஒரு வணிகர் சொன்ன சொல்லை நம்பிக் கயிறுகளை ஒரேயடியாக அறுத்து மேலே போனான். நீலகேசியும் முனிவரைக் கெடுக்க வந்த பேய்தானே? அவள்தான் பிறகு ஊர் ஊராகச் சென்று அறத்துக்காக வாதாடுகிறாள். பேராசிரியர் அ. சக்கரவர்த்தி நயினார் 1936இல் அந்நூலைப் பதிப்பித்தபோது தத்துவ வாதங்களைத்தான் பெரிதும் விளக்கினார். இந்த மனமாற்றக் கதைக்கு இன்னும் நல்ல உரை வரவில்லை என்பது என் ஆதங்கம்.

ஏறியவன் விழுவதும் எங்களுக்குப் புதிதில்லை. குணஸ்தானம் என்று ஆன்மா ஏறும் படிகள் 14. பதினோராம் படி வரை போனவனும் அடங்கியிருந்த மோகம் கிளம்பினால் கீழே வருவான். சுருளைத் தொலைத்த பயணியைப் படித்தபோது எனக்கு நினைவு வந்தது இந்தப் பதினோராம் படிதான்.

ஆக, ஒற்றுமை இவ்வளவு இருக்க, வேற்றுமை எங்கே? கடைக்காரன் பாஷையில் சொல்கிறேன். பித்தளை கறுத்துப் போனால் புளி போட்டுத் துலக்கலாம். வருகிற பளபளப்பு பித்தளையுடையதே. அல்லது ஈயம் பூசலாம்; வெண்மை ஈயத்தினுடையது, பாத்திரம் அதைப் பெற்றுக்கொள்கிறது. சமணம் முதல் வழி, பன்யனும் கிருஷ்ணப் பிள்ளையும் இரண்டாம் வழி என்று எனக்குத் தோன்றுகிறது. "பூச்சு இல்லை ஐயா, பாத்திரத்தையே புதிதாக வார்ப்பது" என்று கிறிஸ்தவர் மறுப்பார். அந்த மறுப்பையும் பதிவு செய்துவிடுகிறேன். பாத்திரம் அடைத்துப் பிழைத்த பன்யனுக்கு இரண்டுக்கும் வித்தியாசம் தெரிந்தே இருந்திருக்கும்.

ஒப்ப முடியாத ஓர் இடம்

பன்யன் நூலின் கடைசிப் பக்கத்தில் அறியாமை என்ற பெயருள்ள ஒருவன் வான்நகர வாசலுக்கு வருகிறான். வழியில் அவன் தன்னைப் பற்றிச் சொன்னது என்ன? நல்லபடி வாழ்கிறேன், யாருக்கு என்ன கொடுக்க வேண்டுமோ கொடுத்துவிடுகிறேன், ஜெபம், உபவாசம், தானம் எல்லாம் உண்டு. கேட்டால் ஏதோ எங்கள் ஊர்ச் சிராவகர் மாதிரியே இருக்கிறது! வாசலில் சுருளைக் கேட்கிறார்கள்; இல்லை. கையும் காலும் கட்டி, மலைச்சரிவில் உள்ள கதவு வழியாக நரகத்தில் போடுகிறார்கள். கடன் பாக்கி வைக்காத, பட்டினி நோன்பு இருந்த ஒரு மனிதனுக்கு இதுவா கதி என்று புத்தகத்தை மூடி வைத்தேன்.

பன்யன் தரப்பை அறியாமல் சொல்லவில்லை. நோன்பைக் குறை சொல்லவில்லை அவர். நோன்பை வாசல் சீட்டாகக் காட்டுவதைத்தான் குறை சொல்கிறார். ஊரார் மெச்சிய காலத்தில் தானே இந்த அறியாமையாக இருந்தவர். தன் பழைய முகத்தைத்தான் அங்கே தண்டிக்கிறார். எங்கள் நூல்களும் எட்டு வகைச் செருக்கைச் சொல்லும்போது தவத்தால் வரும் செருக்கையும் சேர்த்தே சொல்கின்றன. இதெல்லாம் வாஸ்தவம். ஆனாலும் தவறிய பயணிக்கு அத்தனை முறை கிடைத்த பொறுமையில் ஒரு பங்கு கூடத் தவறாதவன் என்று நம்பியவனுக்குக் கிடைக்கவில்லை. அவனும் தவறியவன்தானே? தன்னைப் பற்றித் தவறாக நினைத்தது ஒரு தவறு இல்லையா? வாரிஷேணர் அந்த வாசலில் நின்றிருந்தால் அவனை இன்னொரு தரம் நடக்க வைத்திருப்பார் என்று நினைக்கிறேன். கருணையைப் பற்றிய ஒரு நூல் தன் கடைசிப் பக்கத்தில் கருணையில் குறைந்துபோனது என்ற என் அபிப்பிராயத்தை மாற்றிக்கொள்ளக் காரணம் இன்னும் கிடைக்கவில்லை.

பன்யனுக்கே இது உறுத்தியதோ என்னவோ, 1684இல் இரண்டாம் பாகம் எழுதினார். அதில் வருகிறவர்களைப் பாருங்கள்: ஊன்றுகோல் இல்லாமல் நடக்க முடியாதவர், மனத்திடம் இல்லாதவர், சோர்ந்தே இருப்பவரும் அவர் மகளும். சேற்றருகே ஒரு மாதத்துக்கு மேல் படுத்துக் கிடந்து, வாசலைத் தட்டக் கூடத் துணியாமல் குளிரில் நின்ற பயந்தாங்கொள்ளி ஒருவர். எல்லாரும் போய்ச் சேருகிறார்கள். தமிழ்க் காப்பியம் முதல் பாகத்தின் வழியையே பின்பற்றியதால் இவர்கள் யாரும் நம் விருத்தப்பாவுக்குள் வரவில்லை. கம்பர் நடையில் அரக்கனோடு போர் பாட ஆள் இருந்தது. இந்தப் பயந்தாங்கொள்ளியைப் பாடத் தமிழில் யாராவது முன்வர வேண்டும். அவர் கடக்கப் போகும் அன்று அந்தக் கடைசி ஆற்றில் யாரும் கண்டிராத அளவுக்குத் தண்ணீர் வற்றி, கால் மட்டும் நனையும்படி கடந்து போனார் என்று எழுதுகிறார் பன்யன்.